நான் கூட்டி வந்த அம்மை

"நீ பி.எஸ்சி. தானடி படிச்சிருக்க? டாக்டருக்கு ஒண்ணும் படிக்கலையே?" என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். ஐந்து வயது மகளுக்குச் சின்னம்மைத் தடுப்பூசி போடுவதா வேண்டாமா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த மாலை அது. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

என் அப்பாவும் அம்மாவும் நிக்கோபாரில் இருக்கும் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்தவள் நான்தான். கப்பலேறி போர்ட் பிளேர் வந்து, விடுதியில் தங்கி, விலங்கியல் படித்தேன். அதன் பிறகு குடும்பத்தில் எதுவானாலும் என்னைத்தான் கேட்பார்கள். மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்பி, இது சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்பார்கள். ரேஷன் கார்டில் எழுத்துப்பிழை இருந்தால் எனக்கு போன் வரும். அந்த போன் வருவது எனக்குப் பிடிக்கும். அலுவலகத்தில் யாராவது பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் சத்தமாகவே பேசுவேன்.

கணவரின் குடும்பம் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒப்பந்த வேலைக்காக வந்து போர்ட் பிளேரின் மரைன் ஹில்லில் தங்கிவிட்டது. மகளுக்கு ஊசி போட்டுவிட வேண்டும் என்று அவருக்கு எண்ணம். குழந்தை மருத்துவர் ஒருவரிடம் கேட்டு வந்திருந்தார். இரண்டு தவணை, அரசு இலவசமாகப் போடும் ஊசிகளில் இது இல்லை, சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள்.

"மெயின்லேண்ட்ல இருந்து ஐஸ் பெட்டியில வர்ற மருந்து. வழியில சூடாகியிருந்தா யாருக்குத் தெரியும்?" என்றேன் நான். "இங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை கரண்ட் போகுது?"

"மத்த ஊசியெல்லாம் எதுல வந்துச்சாம்? அதெல்லாம் போட்டல்ல?"

"தானா வந்தா ஆயுசுக்கும் திரும்ப வராது. எனக்கு வந்துச்சு, தம்பிக்கு வந்துச்சு. பாருங்க, நெத்தியில ஒரே ஒரு தழும்பு. சின்ன வயசுல வந்துட்டா லேசா போயிரும்."

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். எனக்குத் தெரியும் என்று காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஏப்ரலில், பள்ளி விடுமுறை தொடங்கியதுமே, கீழ் வீட்டுத் தெலுங்குக் குடும்பத்துப் பையனுக்கு அம்மை போட்டது. நானே இறங்கிப் போய் அவன் அம்மாவிடம் கேட்டேன். அவர் சிரித்தபடி, இங்கே எல்லோருக்கும் பொதுவான இந்தியில் பதில் சொன்னார். "லே ஆவோ தீதி, கேல்னே தோ. ஏக் பார் ஹோ கயா தோ சுட்டி." கூட்டி வா, விளையாடட்டும், ஒரு தடவை வந்துவிட்டால் பிறகு தொல்லை இல்லை என்றார். மூன்று நாள் மதியம் என் மகள் அந்த வீட்டில் விளையாடினாள். ஒரே பாயில் படுத்து இருவரும் போனில் கார்ட்டூன் பார்த்தார்கள். கணவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். அவருக்கு இஷ்டமில்லை. "என்னமோ செய், நீதான படிச்சவ" என்று விட்டுவிட்டார்.

கணக்கும் போட்டு வைத்திருந்தேன். கொப்புளம் வர இரண்டு வாரம், காய ஒரு வாரம். பள்ளி திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தம்பி மனைவி வருவதற்குள்ளும் முடிந்துவிடும்.

தம்பி மனைவிக்கு அது முதல் கர்ப்பம். கட்சாலில் பிரசவம் சிக்கலானால் ஹெலிகாப்டருக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் மாதம் நெருங்கும்போதே கப்பலேறி இங்கே வந்து உறவுக்காரர் வீட்டில் தங்கிவிடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். அவள் மே முதல் வாரம் வருவதாக இருந்தது. பத்து நாள் முன்னதாகத் தம்பி போன் செய்தான்.

"அக்கா, கப்பலு ரிப்பேருக்கு டிரை டாக் போகுதாம். அடுத்த டிரிப் எப்பன்னு ஜெட்டியில துறைமுகத்து ஆளுங்க யாருக்கும் தெரியல. இவள இதுலயே ஏத்தி விட்டுர்றேன்."

மகள் கீழ் வீட்டுக்குப் போய் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. ஒரு கொப்புளம்கூட இல்லை. ஒட்டவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன், அல்லது அப்படி நினைக்க விரும்பினேன். கணவர் என்னைப் பார்த்தார். "சொல்லிரலாமா?" என்றார் மெல்ல. "ஏத்தி விடு, நான் ஜெட்டிக்கு வர்றேன்" என்று தம்பியிடம் சொன்னேன்.

அவள் பெரிய வயிறோடு, ஒரு பை தேங்காயும் உப்புக்கண்டமும் தூக்கிக்கொண்டு இறங்கினாள். "இங்க தேங்கா கிடைக்காதுன்னு யாரு சொன்னது?" என்று கேட்டேன். "உங்க தம்பிதான்கா. டவுன்ல எல்லாம் பாக்கெட்லதான் இருக்கும்னாரு" என்று சிரித்தாள். அன்றிரவு என் மகள் அவள் வயிற்றில் காதை வைத்துக் கேட்டபடி தூங்கிப்போனாள். மூன்றாம் நாள் காலை மகளின் முதுகில் நீர் கோத்த கொப்புளங்கள்.

எங்கள் ஆட்கள் அம்மையை அம்மா என்றுதான் சொல்வார்கள். தம்பி மனைவியிடம் கேட்டேன். "உனக்குச் சின்ன வயசுல அம்மா வந்திருக்கா?"

"தெரியலக்கா."

"யாராவது சொல்லியிருப்பாங்களே?"

"எங்கம்மாவுக்குத்தான் தெரியும்" என்றாள். அவளுக்கு நான்கு வயதாக இருந்தபோது சுனாமியில் அவள் அம்மாவைக் கடல் கொண்டுபோனது. அவள் குழந்தைப் பருவத்தை அறிந்தவர்கள் யாரும் மிச்சமில்லை.

அன்று அலுவலகத்தில் உட்கார்ந்து போனில் படித்தேன். பிரசவத்துக்குக் கிட்டத்தில் தாய்க்கு அம்மை வந்தால் பிறக்கும் குழந்தைக்கு என்ன ஆகும் என்று படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டியது. சாயங்காலம் வந்ததும், சாத்தம் ஜெட்டியில் படகு ஏறி அக்கரையில் பம்பூப்ளாட்டில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போய்விடு என்றேன்.

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. அம்மா வீட்டுக்கு வந்தபோது யார் அந்த வீட்டில் இருந்தார்களோ, அவர்கள் அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை படி தாண்டி வேறு வீட்டுக்குப் போகக் கூடாது. போனால் அம்மாவை அவமதித்ததாகும். என் அம்மாவும் போனில் அதையே சொன்னாள். "மாசமா இருக்கிறவ பாதியில எந்திரிச்சுப் போனா அம்மாவுக்குக் கோவம் வரும் புள்ள. அங்கயே இருக்கட்டும்."

நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்வதானால், இது தானாக வந்தது இல்லை, நான் போய் வாங்கி வந்தது, எத்தனை நாளில் யாருக்கு ஒட்டும் என்று எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டியிருக்கும். சொல்லவில்லை. அவள் போக மறுத்தபோது எனக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது. அதை இத்தனை நாள் கழித்தும் என்னால் மறக்க முடியவில்லை. அடுத்த வாரம் அவளைப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரி கூட்டிப் போனேன். எடை பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள். வீட்டில் யாருக்காவது அம்மையா என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

வாசலில் வேப்பிலை கட்டினோம். தம்பி மனைவிதான் எல்லாம் முறைப்படி செய்தாள். என் மகளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தாள், வேப்பங்கொழுந்தால் தடவிக் கொடுத்தாள். தாளிக்கக் கூடாது என்பதால் நாங்கள் எல்லோரும் கஞ்சியும் வெறும் பருப்பும் சாப்பிட்டோம். நான்காம் நாள் அலுவலகம் விட்டு வந்தபோது கடுகு வாசனை வந்தது. அவள் அடுப்படியில் திருட்டு முழி முழித்தாள்.

"ரெண்டு கரண்டி ரசந்தான்கா. வாய் என்னமோ கேட்டுச்சு. மாமிகிட்ட சொல்லிராதீங்க."

"எனக்கும் ஒரு கிளாஸ் ஊத்து" என்றேன். இருவரும் நின்றபடியே குடித்தோம்.

மகளுக்கு நான் சொன்னபடியே லேசாகப் போயிற்று. பத்து நாளில் ஓடி விளையாடினாள். அவளுக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி நான்காம் நாள் தம்பி மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் முகம், கழுத்து, வயிறு எல்லாம் கொப்புளம். அதற்கு மறுநாள் வலி எடுத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார். "கர் மே கிஸீ கோ ஹுவா தா?" வீட்டில் யாருக்காவது வந்திருந்ததா? மகளுக்கு வந்தது என்றேன். எப்போது என்றார். தேதியைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். முன்பே சொல்லியிருந்தால் ஏதாவது முயன்று பார்த்திருக்கலாமே என்றார். திட்டவில்லை. அவருக்கு வேறு வேலை இருந்தது.

ஆண் குழந்தை. முடி நிறைய இருந்தது. பிறந்தபோது தோலில் ஒன்றும் இல்லை. அம்மாவையும் பிள்ளையையும் தனித்தனியாக வைத்திருந்தார்கள். நான்தான் இரண்டு பக்கமும் நடந்தேன். "எப்படி இருக்கான், கண்ணு முழிச்சிருக்கானா, யார் மாதிரி இருக்கான்" என்று அவள் கேட்பாள். கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்ததை வந்து சொல்வேன். ஏழாம் நாள் குழந்தையின் நெற்றியில் மூன்று கொப்புளங்கள் தெரிந்தன. மருந்து ஏற்றினார்கள். பதினொன்றாம் நாள் மூச்சு நின்றுவிட்டது.

தம்பி வருவதற்குக் கப்பல் இல்லை. வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. என் கணவர்தான் குழந்தையைக் கையில் ஏந்திப் போனார். திரும்பி வந்து சட்டையைக் கழற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை கேட்கவில்லை.

தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அம்மா எடுத்துக்கிட்டா, என்ன செய்ய. நீ மட்டும் இல்லன்னா இவளையும் விட்டிருப்பேன்கா." நான் அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அவர்கள் ஊர் திரும்பிய பிறகு நான் குறைவாகத்தான் பேசினேன். போன மாதம் தம்பி போனில் என்னவோ பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான். "வீட்ல கடுகே வாங்குறதில்லக்கா. ரசம் வச்சா புளித்தண்ணி மாதிரி இருக்கு. கேட்டா அழுவுறா."

"ஏன்?"

"உனக்குத் தெரியாதா? அம்மா வந்திருக்கும்போது தாளிச்சுட்டாளாம். அவளே நம்ம அம்மாகிட்ட சொல்லியிருக்கா. அதுலருந்து அம்மாவும் பேசுது, தோட்டத்து லயன் வீடுகள்ல இருக்கிற பொம்பளைங்களும் பேசுறாங்க. இனிமே எனக்குப் புள்ளையே வேணாம், புள்ளைய முழுங்குனவ நான்ங்கிறா. நீ எடுத்துச் சொல்லுக்கா. படிச்சவ சொன்னா கேப்பா."

போனை வைத்தேன். அந்த ரசத்தை நானும்தான் குடித்தேன். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டு ஆட்கள் கடவுள்மீது பழி போட்டார்கள், பிறகு அவள்மீது போட்டார்கள். படித்தவள்மீது பழி போட அவர்களுக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருஷமாக அவர்கள் என்மீது வைத்திருந்த பெருமை அப்படி. அந்தப் பெருமையை நான்தான் வளர்த்து வைத்திருந்தேன்.

முதலில் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"சொல்லு புள்ள. உலை வச்சிருக்கேன், சுருக்கா சொல்லு."

சொன்னேன். ஊசி வேண்டாம் என்றது, கீழ் வீட்டுக்குக் கூட்டிப் போனது, மூன்று நாள், கணக்குப் போட்டது, தம்பி போன் செய்தபோது மறைத்தது, ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்காதது. பிறகு அம்மா கேட்டாள்.

"அம்மாவ யாராவது போய்க் கூட்டிக்கிட்டு வருவாங்களா?"

"அது சாமி இல்லம்மா. ஒட்டிக்கிற நோய்."

"சரி, நோவுன்னே வச்சுக்க. நோவ யாராவது போய்க் கூட்டிக்கிட்டு வருவாங்களா?"

அம்மாவே மேலே கேட்டாள்.

"ஊசி இருந்துச்சுன்னியே. உம் புருசன் போடச் சொன்னாராமே."

"ஆமா."

"அப்ப அவ தாளிச்சது?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. துளிகூட இல்ல."

அம்மா மூச்சு விடுவது கேட்டது. "ஒண்ணரை வருசமா அந்தப் புள்ளய நான் என்ன பேச்சுப் பேசியிருக்கேன்" என்றாள். எனக்குத் தெரிந்து அம்மா அப்படி அழுததில்லை. உலை பொங்கி வழியும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து போகவில்லை.

"அவகிட்ட போனக் குடுக்குறியாம்மா?"

"போன்ல சொல்லாத. அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லு. உன்னிய அவ அடிச்சாலும் நான் தடுக்க மாட்டேன்."

அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். மகளை என் கணவரிடம் விட்டேன். டிக்கெட் கவுன்டரில் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்று எனக்கு ஒரு படுக்கை வாங்கி வந்தவர் அவர்தான். ஜெட்டியில் பையைக் கையில் கொடுத்துவிட்டு, "நானும் உங்கூடச் சேந்து மறைச்சேன்னு சொல்லு" என்றார்.

கீழ்த்தளப் படுக்கையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வழியில் கார் நிக்கோபார் தீவில் இறங்க வேண்டியவர்கள் இறங்கிவிட்டார்கள். கப்பல் கட்சாலை நோக்கித் திரும்பிவிட்டது.