சித்திரையில் வரும் வெள்ளம்

எழுபதுகளில் போடியில் வெள்ளத் தடுப்புத் திட்டத்தை வருஷா வருஷம் திருத்துவதற்கென்றே ஒரு நகராட்சி கிளார்க் இருந்தார். ஒல்லி உடம்பு, கணுக்காலுக்கு மேல் மடித்துவிட்ட பேண்ட், வெயிலிலும் கையில் குடை. எங்கள் கடைக்கு வந்தால் கேட்காமலே ஒரு ஏலக்காயை எடுத்து வாயில் போடுவார். தோலை மட்டும் துப்பாமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வார். ஏனென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

புரட்டாசி பிறந்தால் என் மாமனாரின் முன்னால் வந்து நிற்பார். "ஆத்துல வெள்ளம் வந்தா கரையோரச் சனத்தத் தங்கவைக்க உங்க கிட்டங்கி வேணும் மொதலாளி."

மழைக்காலத்தில்தான் சரக்கு வைக்கும் அந்தக் கிட்டங்கி முழுக்க ஏலக்காய் மூட்டை கிடக்கும். ஈரம் பட்டால் பச்சை வெளுத்துவிடும், ஏலத்தில் ஒருத்தனும் சீந்தமாட்டான். சித்திரையில் கிட்டங்கி காலி. அதனால் மாமனார் சிரிக்காமல் சொல்வார்: "சித்திரையில வெள்ளம் வந்தா தாராளமாத் தர்றேன்." கிளார்க்கும் சிரிக்காமல் அப்படியே எழுதிக்கொள்வார்.

ஒரு ஐப்பசியில் ஆறு நிஜமாகவே தெருவுக்குள் வந்துவிட்டது. கொட்டுகிற மழையில் கிளார்க் வந்து நின்றார். பின்னால் பிள்ளைகளும் ஆடுகளுமாக நனைந்த கூட்டம்.

"கதவத் தெறங்க மொதலாளி, வெரசா! திட்டத்தத் திருத்தியாச்சு. இன்னைக்குச் சித்திரை ஒண்ணு."

மாமனார் சாவியை எடுத்துக் கொடுத்தார். அந்த வருஷச் சரக்கில் ஆட்டு வாடை அடித்ததை வியாபாரிகள் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த புரட்டாசியில் அதே குடையோடு மனுஷன் வந்தார். மாமனாரும் விட்டுக்கொடுக்கவில்லை. "சித்திரையில வந்தாத் தர்றேன்."

"அப்படியே இருக்கட்டும் மொதலாளி," என்றார், ஏலக்காயை மென்றபடி. "மாசத்த நான் பாத்துக்கிறேன்."