ரெங்காஸ் இலைத் தோரணம்

மாவிலை கிடைக்காமல் பினாங்கில் எந்த நல்ல காரியமும் நின்றதில்லை. ஆனால் எங்கள் மாமாவுக்குக் கடையில் வாங்கினால் கௌரவக் குறைச்சல். சின்னம்மாவைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆற்றோரத்தில் தானே கண்டுபிடித்த மாமரத்தில் ஒரு கட்டு இலை ஒடித்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்த பிறகுதான் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். "நாட்டு மாயெல! பாசார்ல தேடினாலும் கிடைக்காது" என்று கூடத்துக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, காம்பைக் கிள்ளி நூலில் கோக்கும்படி கட்டை என்னிடம் நீட்டினார். எனக்கு ஏழு வயது. பெருமை தாங்கவில்லை.

அது நான்காவது வரன். இதுவாவது அமையவேண்டும் என்று அம்மா தண்ணீர்மலை முருகனுக்கு வேண்டியிருந்தார். போட்டோவைப் பார்த்துச் சின்னம்மாவுக்கும் பிடித்திருந்தது. கூப்பிடும்வரை அறையைவிட்டு வரக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. கதவிடுக்கில் பார்த்த சின்னம்மாவோ கூப்பிடாமலே பட்டுப்புடவையோடு ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார்.

"தொடாத பாப்பா! அண்ணே, இது மாயெல இல்ல, ரெங்காஸ் மரத்து எல. பால் பட்டா தோல் வெந்துடும்."

"சும்மா இருலா. மாமரம் எனக்குத் தெரியாதா?"

சின்னம்மா ஜுருவில் ஒரு மரச்சாமான் ஃபேக்டரியில் வேலை பார்த்தார். அந்த மரத்தை அறுத்துக் கை வீங்கியவர்களைக் கண்ணால் கண்டவர். இலைக்கட்டைச் சுற்றியிருந்த பேப்பரைக் காட்டினார். ஒடித்த காம்பு பட்ட இடமெல்லாம் தார் கொட்டியதுபோல் கறுத்திருந்தது.

"மாம்பால் இவ்வளவு சீக்கிரம் இப்படிக் கறுக்குமா? மாயெலைக்குக் காம்பு நீளம், அடியில தடிச்சிருக்கும். இதுக்குக் காம்பே இல்லாத மாதிரி இருக்கு. நுனியும் மழுங்கல்."

ஓர் இலையை இப்படியும் பார்க்க முடியுமா! நான் வாயைப் பிளந்து நின்றேன். சின்னம்மா கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு கட்டோடு தூக்கி வெளியே போட்டார்.

"பொண்ணு ரொம்ப வெவரம்தான்" என்று மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். போன் பண்ணுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மாமாவின் இரண்டு கைகளும் பூரியாக உப்பிவிட்டன. கிளினிக்கில் ஊசி போட்டார்கள். அப்போதும் வீட்டில் ஒருவரும் சின்னம்மாவிடம் நீ சொன்னதுதான் சரி என்று சொல்லவில்லை. ஒரு வாரம் தினமும் வேலை முடிந்து வந்ததும் அவர் என் விரல்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரு கொப்புளமும் இல்லை.

போனும் வரவில்லை. அம்மா சமையலறையில் அழுதார். நான் மட்டும் சின்னம்மாவிடம் ஓடி, "இனிமே நீங்க எங்கயும் போக மாட்டீங்கதானே!" என்று குதித்தேன். "போக மாட்டேன்" என்றார். அவருக்கும் அது சந்தோஷம் என்றே நினைத்தேன்.