பலகையில் ஒட்டாத அறிவிப்பு

கோயில் கும்பாபிஷேக மலருக்கு என் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். பக்தி, குடும்பம், பொதுச்சேவை மூன்றிலும் நான் முன்மாதிரியாம். இரண்டு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் என் தம்பியின் திருமணம் பற்றி ஒரு வரிகூட இல்லை. மலருக்கு அனுப்பாமல் அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

லாபு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்தார்கள். சிரம்பானில் அரசாங்க வேலை கிடைத்தது. திருமணங்களைப் பதியும் பிரிவு. தோட்டத்திலிருந்து வரும் சனங்களை உட்கார வைத்து, கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, இங்கே வந்து பதிய வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகள் கஷ்டப்படும் என்று வருடக்கணக்கில் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு நானே விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பேன். வெளியே போகும்போது கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

தம்பி லாரி ஓட்டினான். அவன் விரும்பிய பெண் கோலா சாவா பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உரம் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த மண்ணில்தான் பிறந்தாள், ஆனால் அவளைப் பெற்றவர்கள் பிறப்பைப் பதியவில்லை. அதனால் அவளுக்குச் சிவப்பு அடையாள அட்டை; குடியுரிமை இல்லை. பதியாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளை தாயின் நிலையையே பெறும். இது தம்பிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதுதான் என் வேலை.

பதிவதற்கு மூன்று வாரம் முன்பே மனுக் கொடுக்க வேண்டும். மணமக்களின் விவரங்களை அலுவலக வாசல் பலகையில் ஒட்டுவார்கள். அந்தப் பலகையைத் தாண்டித்தான் நான் தினமும் என் மேசைக்குப் போவேன். என் தம்பி பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு அட்டைக்காரியின் பெயர் தொங்குவதைச் சக ஊழியர்கள் படிப்பார்கள் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரே தண்ணீர்க் குழாயில் வரிசை நின்று வளர்ந்தவன்தான் நான். அவளைப் பார்த்துக் கூசினேன்.

தம்பி கேட்டான், "அண்ணே, உங்க ஆபீசுல எப்ப வந்து எழுதணும்?"

அப்போது கோயில் தலைவரும் நான்தான். நெற்றி நிறையத் திருநீற்றோடு சொன்னேன்: "சாமி முன்னால கட்டுற தாலிக்குக் காகிதம் எதுக்குலா? அதெல்லாம் பொறவு பாத்துக்கலாம்."

தாலியை நானே எடுத்துக் கொடுத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறை கேட்டான். வேலை அதிகம் என்றேன். மகள் பிறந்தாள். அதன் பிறகு பதிந்தார்கள். பிறந்தபோது இருந்த நிலையையே சட்டம் பார்க்கும்; அது அந்தப் பிள்ளைக்கு உதவவில்லை.

பன்னிரண்டு வயதில் மற்றப் பிள்ளைகள் குடிமக்களுக்கான நீல அட்டை வாங்கியபோது அவளுக்குச் சிவப்பு வந்தது. தம்பி அவளை அம்பாங்கானில் இருந்த என் வீட்டுக்கு அழைத்து வந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாம் விதி என்றேன். அம்மனுக்கு வெள்ளிக்கிழமை விரதம் இருக்கச் சொன்னேன். அந்தப் பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் முடிக்கும்வரை வெள்ளிதோறும் பட்டினி கிடந்தது. நல்ல தேர்ச்சி. சிவப்பு அட்டைக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை. என்னை நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டிய இடம் இது. என் கோழைத்தனத்துக்கு அம்மனையும் கூட்டாளியாக்கினேன்.

தம்பி இரண்டு வருடத்துக்கு முன் இறந்தான். தன் மகளின் நிலைக்குத் தன் அறியாமைதான் காரணம் என்று நம்பியபடியே போனான். நான் திருத்தவில்லை.

இந்த வருடம் தம்பி மகளுக்குக் குடியுரிமை கேட்டு மறுபடி மனுப் போட்டார்கள். திருமணம் ஏன் முதலிலேயே பதியப்படவில்லை என்று விவரம் தெரிந்த ஒருவர் சத்தியப் பிரமாணம் எழுதித் தர வேண்டும் என்றார் வழக்கறிஞர். என்னிடம்தான் வந்தார்கள். பெற்றோர் படிக்காத தோட்டத்து மக்கள், சட்டம் அறியாதவர்கள் என்று மலாயில் அழகாக எழுதினேன். பழகிய கை.

தம்பி மனைவிக்கு மலாய் படிக்க வராது. மகள் தாளை என்னிடமே திருப்பித் தந்து, "அம்மாவுக்குத் தமிழ்ல சொல்லுங்க பெரியப்பா" என்றாள். ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். "சட்டம் அறியாதவர்கள்" என்ற இடத்துக்கு வந்ததும் தம்பி மனைவி குறுக்கிட்டாள்.

"நாங்க அறியாதவங்கதான். அதனாலதானே அறிஞ்சவங்ககிட்ட கேட்டோம்."

அதில் கோபம் இல்லை.

வேறு தாள் எடுத்தேன். நான் அந்தப் பிரிவில் வேலை செய்தவன், தம்பி ஒரு தரம் வந்து கேட்டான், விளைவு தெரிந்தும் தடுத்தேன், காரணம் என் வெட்கம் என்று எழுதி, அதையும் தமிழில் சொன்னேன். மகள் என்னைப் பார்க்கவில்லை. விரலில் மோதிரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைகளைப் பற்றி அவள் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

"அவரு ரெண்டு தரம் கேட்டாரு," என்றாள் தம்பி மனைவி. "ஒரு தரம்னு இருக்கு. ரெண்டுன்னு எழுதுங்க. வேணாம்னு விட்டவரு இல்ல அவரு."

எழுதினேன். மகள் தாளை வாங்கி, அந்த வரியை மட்டும் விரல் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டுக் கோப்பில் வைத்தாள்.