எங்கள் வீட்டு ஐந்நூறு சிசி

நாகப்பட்டினத்தில் பழைய புல்லட்டை வாங்கிய நாளிலிருந்து என் கணவருக்கு ஒரே பெருமை. “முந்நூத்தி அம்பது சிசி வண்டிதான். சிலிண்டரைக் குடைஞ்சு போர் பண்ணி, பெரிய பிஸ்டன் போட்டு ஐநூறாக்கியிருக்காங்க.”

தினமும் பத்து நிமிடம் இன்ஜினைச் சூடேற்றுவார். தெருவே எழுந்துவிடும். எட்டு வருடமாக என்னை ஓட்டவிடவில்லை. “பெரிய இன்ஜின். கிக்கர் திருப்பி அடிச்சா உன் கால் போயிடும்.”

இன்று தஞ்சாவூரில் மெக்கானிக் இன்ஜினைப் பிரித்து சிலிண்டரை அளந்தார்.

“அண்ணே, போரே பண்ணலையே! கம்பெனி பிஸ்டன் அப்படியே இருக்கு.”

“அப்ப நான் ஓட்டலாம்ல?” என்றேன்.

இவர் மெக்கானிக்கின் காதருகே குனிந்தார். “தம்பி, இப்பப் பெரிசா ஒண்ணு போட்டுற முடியுமா?”

இந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து, “ஐநூறுன்னா ஐநூறுதான், என்னா இழுவை!” என்று சிலிர்த்த நண்பர்கள் கமெண்டுக்கு வரவும்.