குண்டலுபேட்டைப் புள்ளி

என் வீட்டுக்காரர் ரத்தினசாமி ஒரு காலத்தில் வாய் ஓயாத மனுஷன். ஃபாக்டரியிலிருந்து மைசூர் வெயிலில் வேர்த்து வருவார். சட்டையைக்கூடக் கழற்றாமல் ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவார். வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களோடு பேச லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கும் ஹாம் ரேடியோ. அந்தப் பக்கம் குண்டலுபேட்டையிலிருந்து மகேந்திரன், கொள்ளேகாலிலிருந்து கெம்பையன். “சாப்டாச்சா?” என்று ஆரம்பித்தால் மழை, மஞ்சள் விலை, மாதேஸ்வரன் மலை பஸ் என்று போய்க்கொண்டே இருக்கும். இதில் பாதியையாவது என்னிடம் பேசினால் என்ன என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்புறம் தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். வீடே ஊமையாகிவிட்டது.

ஆனாலும் மனுஷன் விடவில்லை. ரேடியோவோடு கம்ப்யூட்டரை இணைத்தார். இவர் எழுத்தை அடித்தால் அது ஒரு கீச்சுச் சத்தமாகக் காற்றில் போகும். அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் அதைத் திரும்ப எழுத்தாக்கிவிடும். மகேந்திரனிடமும் அதே ஏற்பாடு உண்டு, வெளிநாட்டு ஆட்களைப் பிடிப்பதற்கு. அவன் படித்துக் கெம்பையனுக்கும் சொல்வான். இவர் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார். முதல் வரி எப்போதும் அதே சாப்டாச்சாதான்.

கொஞ்ச நாள் பதில் வந்தது. பிறகு நின்றுபோனது. ஜப்பான்காரன் வருவான், பேரும் ஊரும் சொல்வான், போய்விடுவான். அவனிடம் மஞ்சள் விலையா கேட்க முடியும்? இவருக்கு வேண்டியது அந்த இரண்டு பேர். ஏன் பதில் இல்லை என்று ஃபோனில் மெசேஜ் அனுப்பிக் கேட்டார். சிக்னலே வரவில்லை, ஆம்ப்ளிஃபையரை ஃபுல்லாகத் திருகுங்கள் என்று மகேந்திரனிடமிருந்து பதில் வந்தது.

சிக்னலுக்கு வலு கூட்டும் அந்த ஆம்ப்ளிஃபையர் பெட்டி பேச்சுக்கென்று வாங்கியது. பேசுகிறவன் நடுவில் மூச்சு விடுவான், அந்த நேரத்தில் பெட்டியும் கொஞ்சம் ஆறும். கீச்சுச் சத்தத்துக்கு மூச்சே கிடையாது. அதனால் பாதிக்கு மேல் போகக்கூடாது என்பது இவருக்கு நன்றாகத் தெரியும். எனக்கே எழுதிக் காட்டியிருக்கிறார். தெரிந்தேதான் திருகினார். அவர்களுக்குக் கேட்டால் போதும் என்றாகிவிட்டது அவருக்கு. அடுப்படியில் இருந்த எனக்கு நாற்றம் வந்து ஓடிப்போய்ப் பார்த்தால் பெட்டிக்குள்ளிருந்து புகை. இவர் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார். நான்தான் சுவிட்சை அணைத்தேன்.

மறுநாள் ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் வெறும் ரேடியோ மட்டும் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க ஒரு வரைபடத்தைத் திறந்தார். யார் கம்ப்யூட்டரில் நம் சிக்னல் விழுந்தாலும், அந்தப் புரோகிராமே இன்டர்நெட்டில் ஒரு புள்ளி வைத்துவிடுமாம். ஜப்பானில் ஒரு புள்ளி இருந்தது. குண்டலுபேட்டையிலும் ஒன்று.

வரைபடத்தில் பழைய நாட்களின் புள்ளிகளைத் தேடினார். ஒவ்வொரு சாயங்காலமும் குண்டலுபேட்டைப் புள்ளி இருந்தது. எல்லாம் கேட்டிருக்கிறது அந்தப் பாவிக்கு.

எனக்கு ரத்தம் கொதித்தது. வேண்டாம் என்று இவர் கையை ஆட்டினார். நான் கேட்கவில்லை. ஃபோனை எடுத்து மகேந்திரனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, புள்ளியைப் பற்றிச் சொன்னேன்.

“அண்ணி, அண்ணன் ஒரு வரி அடிக்கறதுக்குள்ள நானும் கெம்பையனும் ஊர்க்கதையே பேசி முடிச்சுர்றோம். எத்தன நாளைக்குங்க காத்துட்டு இருக்கறது? மனசு நோகக் கூடாதுன்னுதான் கேக்கலீன்னு சொன்னேன்.”

“அப்ப ஃபுல்லா திருகச் சொன்னது எதுக்கு?”

“அது சும்மா வாய்க்கு வந்தத சொன்னதுங்க. நெசமாலுமே திருகுவாருன்னு யாரு கண்டா?”

சொல்லிவிட்டுச் சிரித்தான். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பாதியிலேயே வைத்துவிட்டான்.

அடுத்த நாள் சாயங்காலம் இவர் மறுபடியும் உட்கார்ந்தார். இனி அவன் வருவான் என்று நம்பினார் போலிருக்கிறது, தெரிந்துபோன பிறகு வெட்கப்பட்டாவது. வழக்கமான வரியை அடித்து அனுப்பிவிட்டு வரைபடத்தைத் திறந்தார். ஜப்பான் புள்ளி வந்தது. ரஷ்யாவில்கூட ஒன்று வந்தது. குண்டலுபேட்டையில் ஒன்றுமில்லை. ரேடியோவை அணைத்துவிட்டானா என்று கேட்டேன். இவர் இல்லை என்று தலையாட்டிவிட்டு, அதே வரைபடத்தில் மகேந்திரனின் பெயரை அடித்துக் காட்டினார். அவன் ஒரு இத்தாலிக்காரனோடு பேசிக்கொண்டிருப்பது இத்தாலிக்காரன் வைத்த புள்ளியில் தெரிந்தது. தான் புள்ளி வைப்பதை மட்டும் நிறுத்தியிருக்கிறான். புரோகிராமில் ஒரு டிக்கை எடுத்தால் போதுமாம்.

ஒயரைப் பிடுங்கி எறியலாம் என்று எழுந்தேன். இவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு கீபோர்டை இழுத்து, மகேந்திரா சாப்டாச்சா என்று அடித்தார்.