சம்பந்திக்கு வார்த்த நுரை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் நோர்வேயில், இந்தப் புருசெத்தில் வீட்டிலேயே பியர் காய்ச்சி, உருக்குப் பீப்பாயில் நிரப்பி, காஸ் பூட்டி வார்த்த முதல் தமிழன் நான்தான். வேறை ஆரும் இருந்தால் வந்து சொல்லட்டும்.

மகளுக்கு ஒரு நோர்வேப் பெடியனோடு கலியாணம் பேசி முற்றானதும், "விருந்துக்குப் பியர் என்ர பொறுப்பு" என்று இரண்டு வீட்டாருக்கும் சொல்லிவிட்டேன். மூன்று பீப்பாய் காய்ச்சினேன். சிலிண்டரில் ரெகுலேற்றரை நானே பூட்டி, மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தேன். ஒரு குமிழி கிளம்பவில்லை. காஸ் அழுத்தம் காட்டுற முள்ளு ஒன்றுக்குக் கிட்ட நின்றால் காணும் என்று கடைக்காரன் சொன்னவன்தான். சம்பந்தி வீட்டாருக்குக் குடுக்கிறதில் குறை வைக்கலாமோ? மூன்றுக்கு ஏற்றி ஒரு கிழமை விட்டேன்.

கலியாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் சம்பந்தி ருசி பார்க்க வந்தார். அவரும் வீட்டில் பியர் காய்ச்சுகிற மனுசன். பியர் வார்க்கிற பைப்பைத் திறந்தேன். கிளாஸ் முழுக்க நுரை. அடுத்ததும் நுரை. மூன்றாவது சீறி என்ர சேட்டை நனைத்தது.

"இஞ்சாருங்கோ, இது பியரோ, உடுப்புத் தோய்ச்ச தண்ணியோ?" என்றாள் மனிசி.

மகள் மெல்லக் கேட்டாள்: "அப்பா, கடை பூட்ட முதல் பியர் வாங்கிக்கொண்டு வரட்டோ?"

அதுதான் சுட்டது. நாளைக்கு அறுபது பேர் வருகினம். என்ர வாக்கு என்னாகும்?

சம்பந்தி சிலிண்டரை மூடிவிட்டு, பீப்பாய் மூடியிலிருந்த வளையத்தை இழுத்தார். உஸ்ஸென்று காஸ் சீறியது. "இந்தக் காஸிலை என்ர வள்ளத்தைப் பேர்கன் வரைக்கும் ஓட்டலாம்" என்றார், நோர்வே மொழியில்.

பின்னேரம் வரைக்கும் மாறி மாறி இழுத்து இழுத்துக் காஸை வெளியேற்றினோம். முள்ளை ஒன்றுக்கு இறக்கினோம். அப்பவும் நுரை முழுதாய் அடங்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பீப்பாயிலிருந்து வார்க்கிற பைப்புக்குப் போகிற குழாய் ஒரு முழம்தான். "இதை மூன்று மீற்றராக்குவம், நீளக் குழாயில் வேகம் குறையும்" என்றேன். மாற்றினோம். நுரை இரண்டு விரலளவில் நின்றது.

"இது எங்கை படிச்சது?" என்று கேட்டார் சம்பந்தி.

"வடக்கை ஹம்மர்பெஸ்ட் மீன் பக்டரியிலை, குழாய் பிடிச்சு மீன் கழுவேக்கை" என்றேன்.

அடுத்தநாள் ட்வெய்ட்டா மண்டபத்தில் கடைசிப் பீப்பாய் வரைக்கும் பொன்னிறமாய் வந்தது. மகள் சேலையோடு வந்து தானே ஒரு கிளாஸ் வார்த்துக்கொண்டு போனாள். சம்பந்தி தன் சொந்தக்காரரைக் கூட்டிவந்து, "இது நாங்கள் இரண்டு பேரும் செய்தது" என்றார்.

நான் மறுக்கவில்லை. காய்ச்சினது நான் மட்டும்தான் என்றதை அவருடைய தமையனுக்கு மட்டும் தனியாய்ச் சொல்லிவைத்தேன்.