நடக்காத ஆட்டத்தில் ஒரு வெற்றி

தொண்ணூறுகளின் பின்பாதியில் கலிபோர்னியாவில் லிவர்மோரில் குடியிருந்தோம். பதினோரு வயது மகளுக்கு பேஸ்பால் பைத்தியம். அவளுக்குப் பிடித்த அணியின் சரித்திரத்தை ஒரு தடித்த நோட்டில் எழுதிவைத்திருந்தாள்: எந்த ஊரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தது, எந்த வருடம் கோப்பை வாங்கியது, அதிக ஹோம் ரன் யாருடையது. "அவங்களும் நம்மள மாதிரி மூவ் ஆகி வந்தவங்கம்மா" என்பாள். பின்பக்கங்களில் அன்றன்றைய ஆட்டத்தின் முடிவு, பேப்பரைப் பார்த்து எழுதியது.

அந்தக் கோடையில் அத்தையோடு ஐந்து வாரம் சென்னைக்குப் போனாள். கிளம்பும்போது நோட்டை என் கையில் கொடுத்தாள்.

"டெய்லி எழுதணும். ப்ராமிஸ்?"

"தப்பா எழுதிட்டேன்னா என்னடி பண்றது?"

"நம்பர்தானம்மா. ஜஸ்ட் காப்பி பண்ணு."

ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். என்னை நம்பி யாரும் எழுத்து வேலை கொடுத்ததில்லை. ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்து இரண்டு தடவை பார்த்துத்தான் எழுதினேன்.

மூன்றாவது வாரம், சம்பளத்துக்கு நான் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த அக்கம்பக்கத்துக் குழந்தைகள் இரண்டுக்கும் காய்ச்சல். மூன்று நாள் நோட்டைத் தொட முடியவில்லை. சேர்த்து எழுதலாம் என்று பேப்பர்களை அடுக்கிவைத்தேன். அந்தக் குழந்தைகள் வராத முதல் நாள், நல்ல வெயிலை விடுவானேன் என்று கொல்லைப்புறத்தில் ஜவ்வரிசி வடாம் போட்டேன். சிமென்ட் தரை அழுக்காயிற்றே என்று வேட்டிக்கு அடியில் கைக்கு அகப்பட்ட பேப்பரை விரித்தேன். சாயங்காலம் எடுத்தபோது கூழ் இறங்கி, ஒட்டி, கிழிந்து வந்தன அந்த மூன்று நாள் விளையாட்டுப் பக்கங்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ரேடியோவில் அந்த ஆட்டங்களைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். அவரிடம் கேட்க ஒரு ஆங்கில வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு வேலிவரை போனேன். அவர் நிமிர்ந்ததும் "ஹாய்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். கணவரிடம் கேட்டிருக்கலாம். "இதக்கூட ஒழுங்கா செய்ய மாட்டியா" என்பாரோ என்று பயம்.

நானே எழுதினேன். மூன்றிலும் ஜெயித்ததாக எழுதினால் சந்தேகம் வரும் என்று நடுவில் ஒன்றைத் தோற்கவைத்தேன். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது.

மகள் ஊரிலிருந்து திரும்பி, பள்ளிக்கூடம் திறந்த வாரம், காரில் ஏறும்போதே அவள் முகம் சிவந்திருந்தது. நெருங்கிய சிநேகிதியோடு சண்டை.

"ஜெயிச்சதா நோட்ல இருக்கே, அந்த தர்ஸ்டே மேட்சே இல்லையாம்மா. டீம் டிராவல் பண்ற நாளாம். என் நோட்டே ஃபேக்குங்கறா."

"நீ என்ன சொன்ன?"

"எங்கம்மா எழுதினது, அவங்க எல்லாம் ட்வைஸ் செக் பண்ணுவாங்கன்னு சொன்னேன். ஐ'ம் நாட் டாக்கிங் டு ஹர்."

நான் இன்டிகேட்டரைப் போட்டுத் திரும்பினேன். நான்கு நாள் அவள் மதியச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டாள். எனக்காக. நானும் நான்கு நாள் அவள் டப்பாவில் பிடித்ததையெல்லாம் வைத்து அனுப்பினேன்.

சனிக்கிழமை, பழைய பேப்பரைக் காட்டி அந்தச் சிநேகிதியின் மூக்கை உடைக்க வேண்டும் என்று லைப்ரரிக்கு இழுத்துப் போனாள். வாசலில் வண்டியை நிறுத்தியபோது சொல்லிவிட்டேன். வடாமிலிருந்து தோற்கவைத்தது வரை.

மடியிலிருந்த நோட்டைத் திறந்து அந்த மூன்று நாள் பக்கத்தை எடுத்தாள். பிறகு, "ப்ளாங்கா விட்டிருக்கலாமேம்மா. ஐ வுட்ன்ட் ஹேவ் பீன் ஆங்ரி" என்றாள்.

காலியாக விடலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பள்ளிக்கூடத்தில் விடை தெரியாமல் காலியாக விட்ட இடத்துக்கெல்லாம் அடி வாங்கிப் பழகியவள் நான்.

உள்ளே போய்ப் பழைய பேப்பர்களைக் கேட்டு வாங்கினாள். மூன்று நாளைத் திருத்திவிட்டு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ நோட்டை நான் எழுதிய முதல் நாளுக்குத் திருப்பி, என்னைப் போலவே எண்ணின் மேல் விரலை வைத்துச் சரிபார்க்க ஆரம்பித்தாள். அந்த நாட்களையெல்லாம் நான் சரியாகத்தான் எழுதியிருந்தேன். எதிரே உட்கார்ந்து, அவள் பக்கம் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.